பார்க்கா, பார்க் டவுனா? சென்னையில் எங்கள் ஒரு நாள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை நானும் என் கணவரும் கும்பகோணத்திலிருந்து சென்னைக்குப் போய் வந்தோம். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் இல்லை, ஆஸ்பத்திரி வேலை இல்லை, ஜவுளி எடுக்கவும் இல்லை. நல்லதாக நாலு இடத்தில் சாப்பிட வேண்டும், மெட்ரோ, மின்சார ரயில், மாநகர பஸ் மூன்றிலும் ஏறிப் பார்க்க வேண்டும், இரவு ரயிலில் திரும்பிவிட வேண்டும். அவ்வளவுதான் திட்டம். கல்யாணமாகி எட்டு மாதத்தில் நாங்கள் இருவர் மட்டும் போகும் முதல் பயணம் என்பதால் ஒரு வாரமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அந்த நாளில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நான் தனியாக, கையில் டிக்கெட் இல்லாமல், போனில் சார்ஜ் இல்லாமல், அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் நிற்க வேண்டி வந்தது. யாராவது முன்கூட்டியே நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அது நடந்தே இருக்காது. அதனால்தான் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுகிறேன்.

விடியற்காலை எழும்பூரில் இறங்கினோம். பையை க்ளோக் ரூமில் வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு சுற்றலாம் என்று நினைத்திருந்தோம். பூட்டு இல்லாத பையை அங்கே வாங்குவதில்லை என்பது போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. ரயில் டிக்கெட்டையும் காட்ட வேண்டும். டிக்கெட் இருந்தது, பூட்டு இல்லை. அந்த நேரத்தில் கடை தேடிப் பூட்டு வாங்கி வர 40 நிமிடம், 120 ரூபாய். வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு சின்னப் பூட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, பையை ஒப்படைக்கும் முன் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒருமுறை யோசியுங்கள். எங்கள் பவர் பேங்க் அந்தப் பைக்குள்ளேயே போய்விட்டது. காலை 6 மணிக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

எழும்பூரிலிருந்து மெட்ரோ பிடித்து, அடுத்த ஸ்டேஷனான சென்ட்ரலில் மாறி, அரசினர் தோட்டத்தில் இறங்கினோம். மெட்ரோவில் குறைந்த கட்டணம் 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். சுத்தமாக இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்கச் சுற்றுவதாக இருந்தால் மெட்ரோ ஸ்டேஷனைக் கடக்கும்போதெல்லாம் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். மற்ற இடங்களில் தேடி அலைய வேண்டியிருக்கும். இரண்டு பேருக்கும் டிக்கெட்டை அவர்தான் தன் போனில் எடுத்தார். என்னை முதலில் உள்ளே அனுப்பிவிட்டு அவர் பின்னால் வந்தார். காலையில் எல்லா இடத்திலும் இப்படியே ஒட்டிக்கொண்டே போனதால், டிக்கெட் முழுக்க ஒருவர் கையில் இருப்பதில் என்ன ஆபத்து என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

அரசினர் தோட்டத்திலிருந்து திருவல்லிக்கேணிக்கு நடந்தே போனோம். 1948 முதல் இருக்கிற ரத்னா கஃபேயில் சாம்பார் இட்லி. தட்டில் இரண்டு இட்லியை வைத்து அது மூழ்குகிற அளவுக்குச் சாம்பார் ஊற்றுகிறார்கள். பாதி சாப்பிடும்போதே இன்னும் வேண்டுமா என்று மறுபடி வந்து ஊற்றுகிறார்கள். எங்கள் ஊரில் இட்லிக்குத் தொட்டுக்கொள்கிற பாசிப்பருப்பு, உருளைக்கிழங்குக் கடப்பாவுக்குப் பழகின நாக்குக்கு அந்தச் சாம்பாரில் லேசாக ஓர் இனிப்பு தெரிந்தது. எனக்குப் பிடித்திருந்தது, அவருக்கு முதலில் பிடிக்கவில்லை, இரண்டாம் தடவை ஊற்றிய பிறகு பிடித்துவிட்டது. ஆளுக்கொரு தட்டு இட்லி, ஒரு தட்டு பொங்கல், ஒரு வடை என்று வாங்கியது தப்பு. ஒரு நாளில் ஐந்து இடத்தில் சாப்பிடப் போகிறவர்கள் எதையும் ஒன்றே ஒன்று வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். நாங்கள் முதல் கடையிலேயே வயிற்றை நிரப்பிவிட்டு, பார்த்தசாரதி கோயில் பிராகாரத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தே இருந்தோம்.

அப்புறம் திருவல்லிக்கேணி பறக்கும் ரயில் ஸ்டேஷனுக்கு வந்து திருமயிலைக்கு வண்டி ஏறினோம். ஸ்டேஷன் கட்டடம் பிரம்மாண்டமாக இருக்கிறது, உள்ளே ஆள் நடமாட்டம் குறைவு. ஆனால் ரயில் மேலே ஏறி வீட்டு மாடிகளுக்கு நடுவே போகும்போது கிடைக்கிற காட்சிக்காகவே ஒருமுறை போகலாம். துணி காயப்போடுகிற மொட்டை மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், நடுவில் திடீரென்று ஒரு கோபுரம். மூன்றாவது ஸ்டேஷன் திருமயிலை. மயிலாப்பூரில் கபாலீஸ்வரர் கோயில், தெப்பக்குளம், மாட வீதியில் ஒரு காபி, பிறகு ரோஸ்மில்க், மதியம் ஒரு சின்ன மெஸ்ஸில் ஒரே ஒரு சாப்பாடு வாங்கி இரண்டு பேரும் பகிர்ந்து சாப்பிட்டோம். இந்த நேரமெல்லாம் மிக நன்றாகப் போனது. நான் கோபுரத்தை, காபி டபராவை, ரோஸ்மில்க் பாட்டிலை என்று நிற்காமல் போட்டோவும் வீடியோவும் எடுத்துக்கொண்டே இருந்தேன். மூன்று மணிக்குப் பார்த்தால் போனில் 21 சதவீதம்தான் இருந்தது.

மயிலாப்பூரிலிருந்து தி.நகருக்கு பஸ்ஸில் போகலாம், ரங்கநாதன் தெருவைப் பார்த்துவிட்டு மாம்பலத்தில் மின்சார ரயில் பிடித்து பீச் ஸ்டேஷனில் இறங்கலாம் என்பது அவர் திட்டம். பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைகள் இருக்கின்றன என்று வீடியோவில் பார்த்திருந்தார். அத்தோ சாப்பிட்டுவிட்டு அப்படியே மெரினாவில் கடலைப் பார்த்து உட்காரலாம் என்று சொன்னார். நானும் தலையாட்டினேன். கடல் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்தப் பயணத்திலேயே எனக்குப் பெரிய ஆசை. பீச் ஸ்டேஷனில் இறங்கினால் பீச்தானே இருக்கும்?

பஸ் ஸ்டாப்பைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. மயிலாப்பூரில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காகத் தோண்டியிருக்கிறார்கள். பாதைகளை மாற்றிவிட்டிருக்கிறார்கள், ஸ்டாப்புகளும் இடம் மாறியிருக்கின்றன. இந்த ஏரியாவில் போனில் இருக்கும் வரைபடத்தை நம்பாமல், பூக்கடையிலோ பெட்டிக்கடையிலோ கேட்பதுதான் சரி. பஸ்ஸில் எனக்கு இலவசம். சாதாரணக் கட்டண பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. எல்லா பஸ்ஸிலும் அப்படி இல்லை, சொகுசு பஸ்ஸில் ஏறினால் காசு கொடுக்க வேண்டும், எனவே ஏறும் முன் கேட்டுவிடுங்கள். இலவசம் என்றாலும் கண்டக்டர் ஒரு டிக்கெட் கிழித்துக் கொடுப்பார், அதை இறங்கும்வரை வைத்திருக்க வேண்டும். நான் பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

தி.நகர் பஸ் நிலையத்திலிருந்து மாம்பலம் ஸ்டேஷன் வரை 2023இல் திறந்த ஆகாய நடைபாதை இருக்கிறது. அரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். கீழே ரங்கநாதன் தெருவின் நெரிசலை மேலிருந்து பார்த்துக்கொண்டே ஸ்டேஷனுக்குள் போய்விடலாம். நாங்கள் கீழே இறங்கி நடந்தோம், அரை மணி நேரம் தலைகளைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. ஸ்டேஷனுக்கு வந்தபோது மணி நாலரை. கவுன்டரில் நீண்ட வரிசை. அவர் ரயில்வே செயலியில் இரண்டு பேருக்கும் பீச் வரை டிக்கெட் எடுத்துவிட்டார், அதுவும் அவர் போனில். முதலில் வந்தது ஏசி மின்சார ரயில். 2025 ஏப்ரலில் இருந்து கடற்கரைக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ஓடுகிறது. அதற்கு டிக்கெட் தனி, சாதாரண டிக்கெட்டோடு ஏறக் கூடாது. அதை விட்டோம். எங்களைப் போலவே நிறையப் பேர் விட்டார்கள், அதனால் அடுத்த வண்டிக்குப் பிளாட்பாரம் நிரம்பி வழிந்தது.

வண்டி வந்து நின்றபோது என் முன்னால் வந்தது மகளிர் பெட்டி. "நீ இதுல ஏறிக்கோ, நான் அடுத்த பெட்டில ஏறிக்கிறேன்" என்றார். அந்தக் கூட்டத்தில் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நான் ஏறிவிட்டேன். வண்டி கிளம்பியது. ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தபோது அவர் பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அடுத்த பெட்டி முதல் வகுப்பாம். ஏறப் போனவரை யாரோ தோளைப் பிடித்து நிறுத்தி, இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு இதில் ஏறினால் அபராதம் என்று சொல்லியிருக்கிறார். அதற்கடுத்த பெட்டிக்கு ஓடுவதற்குள் வண்டி போய்விட்டது. மின்சார ரயில் ஒரு ஸ்டேஷனில் நிற்பது அரை நிமிடம்கூட இருக்காது. ஜோடியாகப் போகிறவர்கள் பொதுப் பெட்டியில் ஒன்றாக ஏறுங்கள். பொதுப் பெட்டியில் பெண்களும் ஏறலாம், மகளிர் பெட்டியில் ஆண்கள் ஏறக் கூடாது. கூட்டமாக இருந்தால் அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருங்கள். மாம்பலத்தில் அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்காது.

உடனே போன் செய்தார். "நான் ஏறலை. நீ பயப்படாத, பார்க்ல இறங்கி நில்லு, நான் அடுத்த வண்டில..." அதோடு போன் அணைந்துவிட்டது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மா என்னம்மா என்று கேட்டார். சொன்னேன். பீச்சுக்குப் போய் கடல் பார்ப்பதாக இருந்தோம் என்றும் சொன்னேன். "பீச் ஸ்டேஷன்ல ஏதும்மா கடல்? எதிர்ல பர்மா பஜாரு, அந்தாண்ட ஹார்பரு. மெரினாவுக்குப் போணும்னா திருவல்லிக்கேணில இறங்கி நடந்திருக்கணும்" என்றார். காலையில் திருவல்லிக்கேணியில் மூன்று மணி நேரம் இருந்தோமே என்று நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, அதைத் தேடி ஊரின் இன்னொரு மூலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறோம். வெளியூர்க்காரர்கள் இதை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னை பீச் ஸ்டேஷன் பாரிமுனைப் பக்கம் இருக்கிறது. மெரினாவுக்குப் பறக்கும் ரயிலில் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம் இந்த மூன்றில் ஒன்றில் இறங்க வேண்டும். அது மட்டுமில்லை, பறக்கும் ரயில் பாதை முடிகிற இடமே பீச் ஸ்டேஷன்தான். அத்தோதான் வேண்டும் என்றாலும் திருமயிலையிலிருந்தே நேராகப் போயிருக்கலாம், தி.நகர் வழியாகச் சுற்றியிருக்கவே வேண்டாம்.

பார்க்கில் இறங்கினேன். வெளியே வரும் வழியில் டிக்கெட் பரிசோதகர் நின்றார். என்னிடம் டிக்கெட் இல்லை. கணவர் போனில் இருக்கிறது, அவர் அடுத்த வண்டியில் வருகிறார் என்று சொன்னேன். இது தினமும் அவர் கேட்கிற பதில்தானாம். செயலியில் எடுத்த டிக்கெட் எந்தப் போனில் இருக்கிறதோ அந்தப் போனைக் காட்டினால்தான் செல்லும். பதற்றத்தில் பர்ஸிலிருந்த இலவச பஸ் டிக்கெட்டைக்கூட எடுத்து நீட்டினேன். 250 ரூபாய் அபராதம், அதோடு பயணக் கட்டணமும். பர்ஸில் 300 ரூபாய்தான் வைத்திருந்தேன், மற்ற பணமெல்லாம் போனில் யூபிஐயாக இருந்தது. கட்டினேன். ரசீது கொடுத்தார்கள். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது, டிக்கெட் காட்டாதவரிடம் அவர் வேறு என்ன செய்வார்? ஆனால் போகிற வருகிற எல்லோரும் திரும்பிப் பார்க்க, டிக்கெட் எடுக்காமல் வந்தவளாக அங்கே நின்ற அந்தப் பத்து நிமிடம் இன்னும் என் மனதிலிருந்து போகவில்லை. கவுன்டரில் எடுத்தாலும் இதே சிக்கல் வரலாம். இரண்டு பேருக்கு என்று கேட்டால் ஒரே சீட்டில் அடித்துக் கொடுப்பார்கள். தனித்தனியாக இரண்டு டிக்கெட் என்று கேட்டு வாங்கி, ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசோதகரிடம் நான் அப்போதே ஒன்று கேட்டிருக்க வேண்டும், என் கணவருக்கு ஒரு போன் செய்து தர முடியுமா என்று. அவமானத்தில் அங்கிருந்து போனால் போதும் என்று வேகமாக வெளியே வந்துவிட்டேன். எங்கே நிற்பது என்று தெரியவில்லை. நடந்தேன். கொஞ்ச தூரத்தில் "பார்க் டவுன்" என்று பெயர்ப்பலகை தெரிந்தது. அவர் பார்க் என்று சொன்னாரே, இதுதான் ஸ்டேஷனின் முன்வாசல் போலிருக்கிறது என்று நினைத்து அங்கே போய் நின்றேன். பார்க் வேறு, பார்க் டவுன் வேறு என்று எனக்குத் தெரியாது. பார்க் என்பது தாம்பரம் பாதையில் இருக்கும் ஸ்டேஷன், பார்க் டவுன் பறக்கும் ரயில் பாதையில் இருக்கும் ஸ்டேஷன். இரண்டும் நடந்து போகிற தூரத்தில், இரண்டும் சென்ட்ரலுக்குப் பக்கத்தில். இதேபோல சைதாப்பேட்டை மின்சார ரயில் நிலையமும் சைதாப்பேட்டை மெட்ரோவும் வேறு வேறு இடங்கள். சென்னையில் யாரையாவது சந்திக்க ஸ்டேஷன் பெயரைச் சொன்னால் போதாது. எந்த ரயில், எந்த வாசல் என்றும் சொல்ல வேண்டும்.

அங்கே நான் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நின்றேன். முதல் அரை மணி நேரம் ஒவ்வொரு வண்டிக்கும் எட்டிப் பார்த்தேன். அடுத்த அரை மணி நேரம் அவர் மேல் கோபம் வந்தது. அதற்குப் பிறகு பயம். ஓடுகிற வண்டியில் தாவி ஏறி ஏதாவது ஆகிவிட்டதோ என்று நினைக்க ஆரம்பித்தேன், நினைத்த பிறகு அதை நிறுத்த முடியவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு ஆட்டோக்காரர்கள் எங்கே போகணும் என்று கேட்டார்கள், எங்கே என்று எனக்கே தெரியவில்லை. எழும்பூருக்குப் போய்விடலாமா, அவர் இங்கே வந்து தேடினால் என்ன செய்வது, பையின் ரசீது அவரிடம், இரவு ரயில் டிக்கெட் அவரிடம். பர்ஸில் 40 ரூபாய்தான் மிச்சம்.

வாசலோரம் பூ கட்டிக்கொண்டிருந்த ஓர் அக்கா என்னை வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "யாருக்காவது போன் பண்ணணுமா?" என்று அவராகவே போனை நீட்டினார். அதைக் கையில் வாங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது, என் கணவரின் நம்பர் எனக்குத் தெரியாது. எட்டு மாதமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பேசுகிற நம்பர். பெயரைத் தொட்டுத்தான் பேசியிருக்கிறேன், ஒருமுறைகூட எண்ணாகப் பார்த்ததில்லை. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது பள்ளிக்கூட நாளிலிருந்து மாறாத அம்மா நம்பர் ஒன்றுதான். தெரியாத நம்பர் என்பதால் அம்மா இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்து, என் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டார். என் கணவர் ஏற்கெனவே நாலு தடவை அம்மாவுக்குப் போன் செய்து, "அவ பேசினாளா" என்று கேட்டிருக்கிறார். "மாப்பிள்ளை பார்க் ஸ்டேஷன்லயே ஒரு மணி நேரமா நிக்கிறாராம்டி" என்றார் அம்மா. "நானும் பார்க்லதாம்மா நிக்கிறேன்" என்றேன். பூக்கார அக்கா நிமிர்ந்து, "இது பார்க் டவுனும்மா. பார்க் அந்தாண்ட. ரிப்பன் பில்டிங் வாசல்ல வந்து நிக்கச் சொல்லு. வெள்ளை வெளேர்னு இருக்கும், அத யாரும் தப்பா புரிஞ்சுக்க முடியாது" என்றார். அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று 20 ரூபாய்க்குப் பூ கேட்டேன். காசை வாங்காமல் ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தார்.

ரிப்பன் மாளிகை வாசலில் அவரைப் பார்த்தபோது மணி ஏழு ஆகப் போகிறது. சட்டையெல்லாம் வியர்வை. பார்க்கில் இறங்கித் தேடி, சென்ட்ரலுக்குள் தேடி, மறுபடி பார்க்குக்கு வந்து, ஸ்டேஷன் அலுவலகத்தில் சொல்லி மைக்கில் என் பெயரைக் கூப்பிடவும் வைத்திருக்கிறார். நான் வேறு ஸ்டேஷனில் நின்றால் எப்படிக் கேட்கும்? நல்ல யோசனைதான் அது. பிரிந்துபோனால் அங்கங்கே அலையாமல் நிலைய அதிகாரியிடமோ ரயில்வே பாதுகாப்புப் படையினரிடமோ போய்ச் சொல்லுங்கள். 139 என்ற ரயில்வே உதவி எண்ணும் இருக்கிறது. எனக்கு அந்த நேரத்தில் இதில் எதுவும் தோன்றவில்லை. முதலில் இருவரும் அழுதோம், பிறகு பத்து நிமிடம் நடைபாதையில் நின்று சண்டை போட்டோம். தனியாக ஏறச் சொன்னதற்காக நான் அவரைத் திட்டினேன், சொன்ன இடத்தில் நிற்காததற்காக அவர் என்னைத் திட்டினார். பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்த பிறகுதான் குரல் இறங்கியது.

மெரினாவை விட்டுவிட்டோம். ஆனால் அத்தோவையும் விட்டுவிட்டு ஊருக்குப் போக மனம் வரவில்லை. சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் மண்ணடி இரண்டே ஸ்டேஷன். இந்த முறை ஆளுக்கொரு டிக்கெட், கவுன்டரில் காகிதத்தில். பர்மா பஜார்ப் பக்கம் தள்ளுவண்டிக் கடையில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். ஆரஞ்சு நிறத் தடித்த நூடுல்ஸில் கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், பூண்டு எண்ணெய், பேஜோ என்கிற மொறுமொறு வறுவலை நொறுக்கியது எல்லாவற்றையும் போட்டுக் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயமும் புளித்தண்ணீரும் வைத்துத் தருகிற முட்டை பேஜோவை அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். பர்மாவில் 1962இல் ராணுவ ஆட்சி வந்து கடைகளையெல்லாம் அரசுடைமையாக்கிய பிறகு, தலைமுறைகளாக அங்கே இருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு திரும்பி வந்தார்கள். அவர்களோடு வந்த சாப்பாடு இது. கப்பலில் இறங்கியவர்களில் எத்தனை பேர் இந்த ஊரில் எங்கே நிற்பது, யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றிருப்பார்கள் என்று அன்று நினைத்துக்கொண்டேன். இரண்டு மணி நேரம் தனியாக நின்றதற்கே எனக்கு அப்படி இருந்தது.

அங்கேயும் ஒரு தப்பு செய்தோம். மணி ஒன்பதைத் தாண்டியதும் ரயிலைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் முதலில் நின்ற ஆட்டோவில் பேரம் பேசாமல் ஏறினோம், எழும்பூருக்கு 350 ரூபாய் கேட்டார், கொடுத்தோம். மெட்ரோ இரவு 11 மணி வரை ஓடுகிறது. மண்ணடியிலிருந்து சென்ட்ரல் வந்து மாறினால் அடுத்தது எழும்பூர். ஆட்டோ நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது இதை நான் சொன்னேன், அவர் பதில் பேசவில்லை. அபராதமும் கட்டணமும், ஆட்டோ, பூட்டு எல்லாம் சேர்த்து வீணாகப் போனது 700 ரூபாய்க்கு மேல். அன்று முழுக்க நாங்கள் சாப்பிட்டதற்குச் செலவழித்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

திரும்பி வந்த பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்ட ஒன்று. சிங்காரச் சென்னை அட்டை என்று ஒன்று இருக்கிறது, அது மெட்ரோவிலும் மாநகர பஸ்ஸிலும் செல்லும், ஆளுக்கொன்று வாங்கிவிட்டால் போனை நம்பி இருக்க வேண்டாம். 2025இல் வந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் டிக்கெட் எடுக்கலாம். வசதிதான். ஆனால் எந்தச் செயலியாக இருந்தாலும் அவரவர் டிக்கெட்டை அவரவர் போனில் எடுங்கள். ஆளுக்கு 500 ரூபாயாவது ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்னக் காகிதத்தில் இருவர் நம்பரும், தங்கும் இடமும், திரும்பும் ரயிலின் எண்ணும் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன்பே, பிரிந்துவிட்டால் எங்கே வந்து நிற்பது என்று ஓர் இடத்தைப் பேசி வையுங்கள். அது ஸ்டேஷனாக இல்லாமல் ஒரு கட்டடமாக இருக்கட்டும்.

ஞாயிறு காலை கும்பகோணத்தில் இறங்கியபோது அம்மா பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தார். நாங்கள் வரச் சொல்லவே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் வெளியே நடந்தார். வாடிப்போன அந்த ஒரு முழம் பூ அப்போதும் என் தலையில்தான் இருந்தது. கடலை இன்னும் பார்க்கவில்லை. தை மாதம் மறுபடி போவதாக இருக்கிறோம், சாயங்காலத்தைத் திருவல்லிக்கேணிக்கே ஒதுக்கி வைத்திருக்கிறோம். அவர் நம்பர் எனக்கு இப்போது மனப்பாடம், என் நம்பரை அவரும் தினமும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறார்.